பானைக்கு ஒரு பிடி

பாலக்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி முன்பு ஒரு வண்டிப்பேட்டை இருந்தது. மணப்பாறை, வையம்பட்டி பக்கத்திலிருந்து சரக்கு ஏற்றி வரும் மாட்டுவண்டிகளை அங்கேதான் அவிழ்த்துப் போடுவார்கள். யுத்தம் வந்து சரக்கு வரத்து குறைந்ததும் வண்டிகளும் குறைந்தன. பேட்டையின் குத்தகைக்காரர் மாடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியைக்கூடப் பெயர்த்து விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனார். குளம்பு பட்டுப் பட்டு இறுகிக் கிடந்த அந்த முக்கால் ஏக்கரில்தான் மஜீதா கத்தரியும் வெண்டையும் விளைவித்தாள். அதிலிருந்து அவளுக்கு வண்டிப்பேட்டை மஜீதா என்று பேர். அதற்கு முன்னால் தெருவில் அவள் ரங்கூன்காரர் பெண்சாதி.

அவளுடைய அத்தா செம்பட்டில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். மகளை நாலாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அவள் பெரியவளானதும் நிறுத்திவிட்டார். முப்பத்தொன்றாம் வருஷம், பதினாறு வயதில், காஜா மைதீனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ரங்கூனில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. கல்யாணமான நாற்பதாம் நாள் கப்பலேறினான். பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வருவான். வந்தால் நான்கு மாதம் இருப்பான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. அவற்றை அடக்கம் செய்தபோதும் அவன் அக்கரையில்தான் இருந்தான். எல்லா நாளையும் கூட்டிப் பார்த்தால் அவனோடு அவள் சேர்ந்து வாழ்ந்தது ஒன்றரை வருஷம் தேறாது. அவன் முகத்தைவிட அவன் கையெழுத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். மாமியார் நஜ்முன்னிசாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. மகனுடைய கடிதத்தை மருமகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஒரு தரம் வாசித்தால் போதாது. "அந்த 'நலமாக இருக்கிறேன்'கிற எடத்த இன்னொரு வாட்டி படிம்மா" என்பாள்.

கடைசிக் கடிதம் நாற்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுகிறது, கடையை அடைத்துவிட்டார்கள், கப்பலில் இடமில்லை, நடந்தாவது வந்து சேருவேன் என்று எழுதியிருந்தான். பாலக்கரையிலிருந்து போனவர்களில் சிலர் அப்படி நடந்தே வந்தும் சேர்ந்தார்கள், தாடியும் புண்ணுமாக. காஜா மைதீன் வரவில்லை.

அந்த வருஷம் பங்குனியில் நஜ்முன்னிசா நேர்ச்சை வைத்தாள். மகன் வீட்டு வாசற்படி மிதித்த அன்றைக்கு நத்தர்வலி தர்காவில் நெய்ச்சோறு ஆக்கி ஏழைகளுக்குக் கொடுப்பதாக நேர்ச்சை. அதற்காக அடுப்படி மூலையில் ஒரு பெரிய மண்பானை வைத்து, தினமும் உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்து அதில் போட்டுவிடுவாள். முதலில் அது பெரிய விஷயமாக இல்லை. பர்மா அரிசி நின்று, ரேஷன் கார்டு வந்து, கார்டுக்குக் கிடைக்கிற அரிசியில் பாதி நொய்யும் கால்வாசி கல்லுமாக ஆன பிறகுதான் அந்த ஒரு பிடி பெரிதாகத் தெரிந்தது. இரண்டு பேருக்கான உலையில் ஒரு பிடி குறைந்தால் கஞ்சி கஞ்சித் தண்ணீராகிவிடும். மஜீதா ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தப் பானையில் கை வைக்கிற எண்ணமே பாவம் என்று அவளும் நம்பினாள்.

*

நாற்பத்துநான்காம் வருஷம் ஆனி மாதத்தில் வார்டு உணவுக் கமிட்டியிலிருந்து தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். நகரத்துக்குள் சும்மா கிடக்கிற இடங்களில் காய்கறி போடலாம்; விதை சர்க்கார் கொடுக்கும்; பயிர் வைக்கச் சொல்லிக்கொடுக்க விவசாய இலாகாவிலிருந்து ஆள் வரும்; ஏழைப் பெண்பிள்ளைகள் சேர்ந்து கேட்டால் முதல் உரிமை அவர்களுக்கு. பர்மிட் எடுக்கிறவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சுற்றியுள்ள இரண்டு தெருவில் பதினான்கு பெண்கள் சேர்ந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவள் மஜீதா ஒருத்திதான். அப்படித்தான் பர்மிட் அவள் பேரில் வந்தது.

நிபந்தனைகள் கெடுபிடியாக இருந்தன. பர்மிட்காரர் தானே நிலத்தில் இறங்கி வேலை செய்ய வேண்டும். சனிக்கிழமைதோறும் தோட்டத்தில் வைத்தே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை தவறினால் இடம் அடுத்த மனுதாரருக்குப் போய்விடும். தைப் பொங்கல் வரை ஒழுங்காக நடந்தால் மூன்று வருஷத்துக்கு நிரந்தர பர்மிட். உறையூரில் ஒரு தோட்டத்துக்காரி பிரசவத்துக்குப் படுத்து மூன்று வாரம் வராததால் முளைத்த பயிரோடு இடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. வண்டிப்பேட்டைக்கு அடுத்த மனுதாரர் விறகுக்கடை அழகர்சாமி. அவருக்கு அங்கே விறகு அடுக்க வேண்டும்.

அழகர்சாமி கெட்ட மனிதர் இல்லை. வாய்தான் சும்மா இராது. மண்வெட்டி எகிறித் தெறிக்கிற சத்தத்தை வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "ஏம்மா, கத்தரிச்செடி நடுறீங்களா, ரோடு போடுறீங்களா?" என்பார்.

"ரோடுதான் போடுறோம், ஒங்க விறகு வண்டி வர்றதுக்கு" என்று உள்ளேயிருந்து காளியாயியின் குரல் கேட்கும்.

காளியாயிக்கு ஐந்து வயதில் அம்மை போட்டுக் கண் இரண்டும் போய்விட்டது. பருப்பு மண்டியில் கல் பொறுக்குகிற வேலை பார்த்தவள். துவரைக்கும் உளுந்துக்கும் நடுவில் கிடக்கிற கடுகளவு கல்லும் அவள் விரலுக்குத் தப்பாது. மண்டியை மூடிய பிறகு, ஏழைகளுக்கு இலவசமாகக் கஞ்சி ஊற்றுகிற கஞ்சித்தொட்டியில் போய் நின்றுகொண்டிருந்தாள். மஜீதாதான் பதினான்காவது ஆளாக அவளைச் சேர்த்தாள். "கண்ணில்லாதவ வெள்ளாமைக்கு என்னத்துக்கு?" என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

முணுமுணுத்தவர்களே பிறகு காளியாயி இல்லாமல் தோட்டம் இல்லை என்றார்கள். சொல்லிக்கொடுக்க வந்த டிமான்ஸ்ட்ரேட்டர் அருள்நாதன் ஆண்பிள்ளை. பதினான்கு பேரில் ஒன்பது பேர் கோஷாப் பெண்கள், அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார்கள். அதற்காக நடுவில் ஓலைத்தட்டி கட்டினார்கள். அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் நாற்றுக்கட்டோடு வந்து, தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று உரக்கச் சொல்லுவார். இந்தப் பக்கம் பெண்கள் கேட்டுக்கொள்வார்கள். "புரியுதாம்மா?" என்பார். "ம்" என்று ஒன்பது குரல் கேட்கும். இரண்டாம் வாரம் பார்த்தால் நட்ட சின்ன வெங்காயம் அத்தனையும் தலைகீழாக, வேர் மேலே பார்த்து நின்றது.

"என்னம்மா இது, எல்லாம் சிரசாசனம் பண்ணுது?" என்றார் அருள்நாதன்.

தட்டிக்குப் பின்னால் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. காளியாயிதான் வழி சொன்னாள். "எனக்குத் தட்டிக்கு அந்தப் பக்கமும் ஒண்ணுதான், இந்தப் பக்கமும் ஒண்ணுதான். நான் அங்க போறேன் சார். என் கையப் புடிச்சுக் காட்டுங்க."

அதிலிருந்து பாடம் அப்படியே நடந்தது. அவர் காளியாயியின் கையில் விதையை வைத்து, மண்ணில் எவ்வளவு அழுத்த வேண்டும், நாற்றை எங்கே பிடிக்க வேண்டும், எத்தனை விரல் இடைவெளி என்று காட்டுவார். அவள் திரும்பி வந்து ஒவ்வொருத்தி கையையும் பிடித்து அதையே செய்ய வைப்பாள். வெண்டை விதைக்கு ஆள்காட்டி விரலில் முதல் கணு ஆழம். அதற்கு மேல் போகக்கூடாது. "இங்க நிறுத்து. இதுக்குக் கீழ போனா அது மேல வராது" என்று கணுவில் நகத்தால் கீறுவாள். சனிக்கிழமை பதிவேடு தட்டிக்கு அடியில் வரும். மஜீதா கையெழுத்திட்டுத் திருப்பித் தள்ளுவாள். மற்றவர்கள் ரேகை வைப்பார்கள். அருள்நாதன் மஜீதாவைக் கண்டது அந்தக் கையளவுதான்.

மண்வெட்டி ஒரு முழம் இறங்கியதும் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இறுகின மேல் மண்ணுக்கு அடியில் எத்தனையோ வருஷத்து மாட்டுச்சாணம் மக்கி, கறுப்பாக, பொலபொலவென்று கிடந்தது. நஜ்முன்னிசாவுக்காக மஜீதா ஒரு கை அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினாள். கிழவி அதை முகர்ந்து பார்த்து, "ரங்கூன் மண்ணுல வெரல வச்சா மொளைக்கும்னு எழுதுவானே, அது இப்படித்தான் இருக்குமோ?" என்றாள்.

*

ஆவணி மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமை, மத்தியான நேரம். வேலி ஓரம் மஜீதா தனியாக வெண்டைக்குப் பாத்தி பிடித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வெளியே நின்று ஒரு கடிதத்தை நீட்டிவிட்டுப் போனார். பழக்கமில்லாத கையெழுத்து. எழுதியவர் முகம்மது கனி, தஞ்சாவூர் பக்கத்துக்காரர், காஜா மைதீனோடு அதே கடையில் வேலை பார்த்தவர்.

'இரண்டு வருஷமாக உங்கள் விலாசம் தெரியாமல் அலைந்தேன், சகோதரி. பங்குனி மாதம் முதல் வாரம் நாங்கள் பதினொரு பேர் மலை வழியாக நடந்து வந்தோம். காஜாவுக்கு வாந்தி பேதி கண்டது. ஒரு நாள்தான் இருந்தார். நானும் இன்னொருவரும் குழி வெட்டி, தொழுகை வைத்து அடக்கம் செய்தோம். இடத்துக்குப் பேர் தெரியவில்லை. ஒரு பெரிய மூங்கில் புதர் இருந்தது.'

அவ்வளவுதான் கடிதம். மஜீதா அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தோட்டத்தின் மறுபக்கம் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒரு சத்தம் போட்டால் போதும். அத்தனை பேரும் ஓடி வந்து, அவளைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போய், கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றி, வெள்ளைச் சேலை உடுத்தி உள்ளறையில் உட்கார வைப்பார்கள். பாசத்தோடுதான் செய்வார்கள். எல்லோருக்கும் முன்னால் அவள் மாமியாரே செய்வாள். இத்தா, புருஷன் மவுத்தானவள் வெளியே வராமல் இருக்க வேண்டிய காலம், நான்கு மாதம் பத்து நாள். ஆவணியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கிறபோது தை பிறந்திருக்கும். மூன்று சனிக்கிழமை போதும், இங்கே விறகு அடுக்கிவிடுவார்கள். பதினான்கு வீட்டு உலை. அதில் ஒன்று மாமியாருடையது.

அவள் குனிந்து விதை ஊன்ற ஆரம்பித்தாள். அந்தப் பாத்தி முழுவதையும் தனியாகவே ஊன்றி முடித்தாள்.

எட்டாம் நாள் மற்றப் பாத்திகளில் வெண்டை இரண்டு இலை விட்டது. அந்த ஒன்றில் மட்டும் எதுவும் இல்லை. காளியாயி குந்தி உட்கார்ந்து மண்ணைத் துழாவினாள். விதை அகப்படவே நேரம் பிடித்தது. "யாரு ஊனுனது இது? அரை முழம் ஆழத்துல கெடக்கு" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஒன் கைதானே புள்ள? ஒனக்குக் கணுக்கணக்கு தெரியுமே. அன்னைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

 அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ரங்கூன்லேர்ந்தா?" என்றாள்.

"ம்."

"ஒன் மாமியாவுக்கு?"

"சொல்லல. சொல்லக்கூடாதுக்கா. சொன்னா நான் உள்ள போயிடணும்."

"அந்த சாருகிட்ட நடந்ததச் சொல்லி தவணை கேட்டா?"

"ஒறையூர்க்காரி கேக்காமயா இருந்திருப்பா?"

"ஒங்க பள்ளிவாசல்ல யாராச்சும் பெரியவங்ககிட்ட..."

"கேட்டா ஊருக்கே சொன்ன மாதிரிதான். ஹஜ்ரத் வீட்டுக்கு எம் பேரு போன அடுத்த நிமிஷம் தெருவே வந்து நிக்கும்." மஜீதா ஈர மண்ணைக் கையால் தள்ளி அந்தப் பாத்தியைக் கலைத்தாள். "தை வரைக்கும். பர்மிட் கையில வந்த மறுநாள் நான் உக்காந்துடுவேன். அந்த நாலு மாசம் பத்து நாளும் ஒரு நாள் கொறைக்காம இருப்பேன். அவருக்கு நான் பட்ட கடன், தந்துடுவேன். கொஞ்சம் தள்ளித் தரேன், அவ்வளவுதான்."

காளியாயி அந்தப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அன்று மாலை அந்தப் பாத்தியை மறுபடி அவளே ஊன்றினாள்.

*

கருகமணி கழுத்திலேயே கிடந்தது. ஊதா நிறச் சேலையும், கைநிறையக் கண்ணாடி வளையலும். சனிக்கிழமை கையெழுத்துப் போடும்போது வளையல் பதிவேட்டில் உரசும். அந்தச் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்கச் சகிக்காது. ஒரு வெள்ளைச் சேலையை வாங்கித் துவைத்து மடித்து, பெட்டிக்கு அடியில், கடிதத்தின் மேல் வைத்திருந்தாள். மாமியார் குர்ஆனில் யாசீன் ஓதுகிற வெள்ளிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "என் மவன் இருக்கிற எடத்துல அவனுக்குச் சொகத்தக் குடு ரப்பே" என்று கிழவி கையேந்துவாள். மஜீதா ஆமீன் சொல்லுவாள். அந்த துஆவில் பொய் ஒன்றும் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

"கடுதாசி ஏதும் வந்துச்சாம்மா?"

"இல்ல மாமி."

"நல்லாப் பாத்தியா? தபால்காரன் வேலிக்கு வெளிய நின்னுட்டுப் போயிடுவான்."

"பாத்தேன் மாமி. இல்ல."

தினமும் காலையில் அந்த ஒரு பிடி மட்டும் தவறாது. மூட்டு வலியோடு எழுந்து, சுவரைப் பிடித்து வந்து, அளந்து வைத்த அரிசியில் கை விட்டு எடுத்துப் பானையில் போடுவாள். பானை வாய்வரை வந்துகொண்டிருந்தது. முன்பு மஜீதாவுக்கு அதைப் பார்த்தால் பசிதான் தெரியும். இப்போது அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசியில் தோட்டம் காய்க்கத் தொடங்கியது. கீரை, வெண்டை, கொத்தவரை, பிறகு பூசணி. சனிக்கிழமை பதினான்கு கூறு வைப்பார்கள்; மிஞ்சுவது கஞ்சித்தொட்டிக்குப் போகும். நொய்க்கஞ்சியில் கீரையைக் கடைந்து ஊற்றிச் சாப்பிட்டு, தெருவில் சில பிள்ளைகளுக்கு வாய்ப்புண் ஆறியது. அழகர்சாமிகூட வேலியோரம் வந்து, "விறகு தரேன், ஒரு பூசணிக்கா குடுங்களேன்" என்று கேட்டு வாங்கிப் போனார். "எடத்தக் கேட்டீங்க, இப்பக் காயக் கேக்குறீங்க. எறங்கி வந்துட்டீங்களே!" என்று காளியாயி கேலி செய்தாள். அவர் சிரித்தார். மனு மட்டும் அப்படியே இருந்தது.

நஜ்முன்னிசாவுக்குக் கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டது. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு இறங்கவில்லை. பூசணிக்காயை வேகவைத்து மசித்து, கொஞ்சம் வெல்லம் சேர்த்து மஜீதா ஊட்டுவாள். "அவனுக்கு இது புடிக்கும்" என்பாள் கிழவி. நடக்க முடியாமல் போன பிறகு அரிசியைப் படுக்கைக்கே கொண்டு வரச் சொல்லி, ஒரு பிடி எடுத்து மருமகள் கையில் வைத்து, "போட்டுடு" என்பாள். பானையின் மூடி திறக்கிற சத்தம் கேட்கிறவரை கண்ணை மூடமாட்டாள்.

ஒரு நாள் சொல்லிவிடத்தான் நினைத்தாள் மஜீதா. மார்கழி பிறந்திருந்தது, இன்னும் நான்கு சனிக்கிழமைதான் பாக்கி. பெட்டியைத் திறந்து கடிதத்தைக் கையில் எடுத்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டு மாமியார் திரும்பிப் பார்த்து, "என்னம்மா தேடுற?" என்றாள். முகத்தில் எலும்பும் கண்ணும்தான் மிச்சமிருந்தன. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதை வாசிக்க அவளால் முடியவில்லை.

"ஒண்ணுமில்ல மாமி. சேல."

"அவன் வந்தா," என்றாள் கிழவி, மூச்சு வாங்கி வாங்கி, "மொதல்ல சோத்த ஆக்கிக் குடுத்துடு. அப்புறமா என் கபுருக்குக் கூட்டிட்டு வா. வெயில்ல கூட்டிட்டு வராத, அலுத்து வந்திருப்பான்."

"சரி மாமி."

மூன்றாம் நாள் மத்தியானம், லுஹர் தொழுகை நேரத்தில் கிழவி மவுத்தாகிவிட்டாள்.

தெருப்பெண்கள் வந்து நிறைந்தார்கள். மகன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாளே என்று எல்லோரும் அழுதார்கள். மஜீதா அழுத அழுகையைப் பார்த்து, மாமியாருக்காக இப்படி அழுகிற மருமகளை எங்கே பார்க்க முடியும் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு மேலாக அவள் வாய்விட்டு அழ ஓர் இடம் கிடைத்ததில்லை. அந்த அழுகையில் பாதி யாருக்கு என்று அங்கே வந்திருந்தவர்களில் காளியாயிக்கு மட்டும் தெரியும். அவள் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

*

தைப் பொங்கல் கழிந்து கமிட்டிக்காரர்கள் வந்து தோட்டத்தைப் பார்த்தார்கள். அவரைப்பந்தல் பூத்து நின்றது. மூன்று வருஷத்துக்குக் கொடுப்பதாக அங்கேயே சொல்லிவிட்டார்கள்; அடுத்த வாரம் பர்மிட் வரும்.

மறுநாளே மஜீதா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனாள். அவர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவர் மனைவி இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஜீதா கடிதத்தைத் திரைக்கு அடியில் தள்ளினாள்.

"மறச்சுட்டேன் ஹஜ்ரத். நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப உக்காரணும். இன்னையிலேர்ந்து கணக்கு வச்சுக்கிறதா, கடுதாசி வந்த நாள்லேர்ந்தா? ரெண்டுல எது சொன்னாலும் இருக்கேன். மறச்சதுக்குச் சேத்து இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொன்னாலும் இருக்கேன்."

அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஆயிற்று.

"மவுத்தானது பங்குனியிலன்னு எழுதியிருக்காரு. எந்த வருஷத்துப் பங்குனி?"

"நாப்பத்திரெண்டு."

"இத்தா அந்த நாள்லேர்ந்துதாம்மா. தெரிஞ்ச நாள்லேர்ந்து இல்ல." ஹஜ்ரத்தின் குரல் தாழ்ந்தது. "அந்த வருஷம் ஆடியிலயே அது முடிஞ்சு போச்சு. இந்தக் கடுதாசி ஒன் கைக்கு வந்த அன்னைக்கே நீ உக்கார வேண்டிய இத்தா எதுவும் இல்ல."

"எனக்குத் தெரியாதே ஹஜ்ரத். அப்ப எனக்குத் தெரியவே தெரியாதே."

"தெரியாம இருக்கும்போதே முடிஞ்சு போச்சும்மா. நீ அன்னைக்கே வந்து கேட்டிருந்தா..."

அன்றைக்கே வந்து கேட்டிருந்தால் மறுநாள் தோட்டத்துக்குப் போயிருப்பாள். மாமியார் மகனுக்காக அழுதிருப்பாள். அவன் பேரில் ஃபாத்திஹா ஓதியிருப்பாள். மூட்டு வலியோடு எழுந்து வந்து பானையில் அரிசி போட்டிருக்கமாட்டாள். அந்த ஒரு பிடியையும் சேர்த்துத் தின்றிருப்பாள். மஜீதா நாற்பத்திரண்டாம் வருஷத்துப் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் தான் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். எதிர்வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. ரங்கூன் பட்டைக் கட்டிக்கொண்டு போய், மருதாணி வைத்து, பாட்டுக்குக் கை தட்டினாள். அவளுடைய இத்தா அங்கே கழிந்திருக்கிறது.

ஹஜ்ரத்தின் மனைவி அவள் கையைப் பிடித்தாள். மஜீதா, "போயிட்டு வரேங்க" என்று எழுந்துவிட்டாள்.

*

வெள்ளைச் சேலையை இனி உடுத்த வேண்டியதில்லை. அதை முற்றத்தில் விரித்து, நேர்ச்சைப் பானையை அதன் மேல் கவிழ்த்தாள். வண்டு பறந்தது. காளியாயி வந்து உட்கார்ந்து அரிசியை விரலால் தேய்த்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

"அடியில இருந்தது நல்ல நீள அரிசி. பழைய பர்மா" என்றாள். "இது அதுக்கு மேல. இது ரேசன் வந்தப்புறம், பாதி நொய். இந்தா, இது கொஞ்சமா ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருக்கு."

"அது கார்த்திக மாசம். மழ."

"கட்டியே சின்னதா இருக்கு. இதுல பிடி சின்னதா இருந்திருக்கும்போல."

"கை ஒடுங்கிப் போச்சுக்கா கடைசியில. எம் உள்ளங்கையில வச்சுத்தான் போடச் சொன்னாங்க."

காளியாயி கையை எடுத்துக்கொண்டாள்.

"நேந்துக்கிட்டது அவரு வந்தாத்தானே? இத எடுக்கலாமா?" என்றாள் காளியாயி பிறகு.

"வர வேண்டியவரும் வரல, நேந்தவங்களும் இல்ல. பசிச்சவங்கதான் இருக்காங்க."

நெய் கிடைக்கவில்லை. வெறும் சோறாக ஆக்கி, தோட்டத்துப் பூசணியும் அவரையும் போட்டுக் குழம்பு வைத்து, தாய்க்கும் மகனுக்கும் சேர்த்து ஃபாத்திஹா ஓதச் சொன்னாள். பதினான்கு வீட்டாரும் கஞ்சித்தொட்டியில் நிற்கிறவர்களும் சாப்பிட்டார்கள். சோற்றில் பழைய வாடை இருந்தது. இலையில் யாரும் மிச்சம் வைக்கவில்லை. ரங்கூன்காரர் செத்துப்போனது தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டவர்களுக்கு மஜீதா உள்ளபடியே சொன்னாள். சிலர் அதற்குப் பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் வீட்டுக் கூறுகளையும் சனிக்கிழமைதோறும் அவள்தான் எடுத்து வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அருள்நாதன் பர்மிட் பத்திரத்தைப் பதிவேட்டோடு சேர்த்துத் தட்டிக்கு அடியில் தள்ளினார். பேனாவும் வந்தது. எப்போதும் உடனே திரும்பி வரும் காகிதம் வரவில்லை. 'மஜீதா, காஜா மைதீன் மனைவி' என்று அதில் எழுதியிருந்தது.

"என்னம்மா, ஏதாவது தப்பா எழுதியிருக்கா?" என்றார் அவர்.

"ஒரு வார்த்த விட்டுப் போயிருக்குங்க சார். நானே எழுதிடலாமுங்களா?"

"எழுதுங்கம்மா."

காஜா மைதீன் என்ற பேருக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அந்த இடத்தில், வரிக்கு மேலே, சின்ன எழுத்தில் 'காலஞ்சென்ற' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். வளையல் இல்லாத கை தட்டிக்கு அடியில் காகிதத்தைத் தள்ளிவிட்டு, உடனே திரும்பவில்லை. ஈர மண்ணின் மேல் அப்படியே சற்று நேரம் கிடந்தது. அந்தப் பக்கம் அருள்நாதன் அந்த வார்த்தையை வாசித்தார். பிறகு கத்தரி நாற்றுக்கட்டை எடுத்து, மெதுவாக, அந்தக் கையில் வைத்தார்.